சுமை தெரிந்த பம்ப்

சேசு மரி சூசை

வாழப்பாடி,
28 ஜனவரி 2024

அன்புள்ள வின்சென்ட் அண்ணனுக்கு,

மேலே இருக்கும் மூன்று பெயர்களும், திருக்குடும்பத்துப் பெயர்கள், அம்மா எழுதச் சொன்னவை. எழுதாவிட்டால் கடிதம் உன்னிடம் வந்து சேராதாம். சேர்ப்பது மாரி, நீ வேலை செய்யும் போர்வெல் ரிக்குக்கு டீசல் கொண்டுவரும் லாரியில், டிரில் பிட் பெட்டிக்குள் வைத்து என்று சொன்னால் முறைக்கிறாள். அம்மா நலம். குதிகாலில் முள் ஏறிய இடம் பழுத்து உடைந்து இப்போது காய்ந்துவிட்டது. நானும் நலம். செல்போன் டவர் இல்லாத சத்தீஸ்கர் காட்டில் நீ எப்படி இருக்கிறாய்? இரண்டு வேளையாவது சோறு போடுகிறார்களா?

குடியரசு தின கிராம சபையில் நம் ஏரியைப் பற்றிப் பேச்சு வந்தது. நூற்றுப் பத்து ஏக்கர் ஏரி. தண்ணீர் நிற்க வேண்டிய இடமெல்லாம் சீமைக்கருவேலம். ஏலம் எடுப்பது எப்போதும் போலக் கரி வியாபாரி சின்னண்ணன். வெட்டிக் கரி மூட்டம் போட்டு லாரியில் ஏற்றுகிறார். வேரை மட்டும் தொடுவதில்லை. மூன்று வருடத்தில் மறுபடி வளர்ந்துவிடும், மறுபடி ஏலம். ஊருக்கு அது ஏரி, அவருக்குத் தோட்டம். முள்ளைச் சுமப்பது அம்மா, குப்பாயி அத்தை மாதிரி நாற்பது பெண்கள். காலில் செருப்புப் போட்டால் வேலை மெதுவாகிறதாம், அவருடைய மேஸ்திரி சொல்கிறான்.

நான் எழுந்து பேசிவிட்டேன். நீ ரிக் சம்பளத்தில் வாங்கி என்னிடம் விட்டுப் போன லோடர் இருக்கிறது. அதன் முன்னால் மாட்ட ஒரு மல்ச்சர் வாங்கியிருக்கிறேன். உனக்குச் சொல்லவில்லை, திட்டுவாய் என்று. பெரிய உருளை, அதில் முப்பது இரும்புப் பற்கள். மரத்தை நின்ற இடத்திலேயே அரைத்துத் தூளாக்கிவிடும். ஆத்தூர்ப் பக்கம் சோலார் வேலைக்கு வந்தவர்கள் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுப் போனது. மேலே மல்ச்சரால் அரைத்து, லோடரின் பின் பக்கத்துத் தோண்டும் கையால் வேரைப் பிடுங்கினால் ஏரி ஏரியாகும். இதைத்தான் சொன்னேன்.

பஞ்சாயத்துத் தலைவர் வசந்தாமணி. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது அவருடைய வீட்டுக்காரர். அவர் கேட்டார்: "பாப்பா, மொதல்ல அந்த உருளை சுத்துமா?"

சுற்றவில்லை என்பதுதான் பிரச்சினை. லோடரின் சொந்தப் பம்ப்பில் மாட்டினால் கரண்ட் குறைந்த நேரத்து ஃபேன் மாதிரி சுற்றுகிறது. தேர்தல் முடிந்து, ஏரி காய்ந்ததும் ஒரு நாள் தருகிறார்கள். காலை ஏழிலிருந்து மாலை ஐந்துக்குள் அரை ஏக்கரை வேரோடு சுத்தம் செய்து காட்டினால் வேலை எங்களுக்கு. இல்லையென்றால் அடுத்த மூன்று வருடமும் சின்னண்ணனுக்கு.

உருளையைச் சுற்ற எண்ணெய் தள்ளும் பம்ப் ஒன்று தனியாகப் போட வேண்டும். எது போடலாம்? சேலத்தில் ஹைட்ராலிக் பட்டறை வைத்திருக்கும் செல்லமுத்து அண்ணன், கழித்துப்போட்ட ரிக் பம்ப்பைப் போடு, மலையையே அரைக்கும் என்கிறார். உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

அம்மாவின் முத்தத்தோடு,
சோபியா

*

முகாம், சத்தீஸ்கர்
17 பிப்ரவரி 2024

அன்புத் தங்கை சோபிக்கு,

உன் கடிதம் கிரீஸ் கறையோடு வந்து சேர்ந்தது. சுகமாக இருக்கிறேன். வெயில் இப்போதே ஏறிவிட்டது. அம்மாவைச் செருப்பில்லாமல் ஏரிக்குள் இறங்க வேண்டாம் என்று சொல்.

உருளை வாங்கியதற்குத் திட்டவில்லை. ரிக் பம்ப் போடுவாயானால் திட்டுவேன்.

நம் பக்கத்தில் எல்லோருக்கும் ஒரே நோய். திருச்செங்கோட்டில் போர் போடும் வண்டிகளைப் பார்த்தே வளர்ந்ததால், பம்ப் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பலம் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எண்ணெயின் அழுத்தம் என்பது பிடிவாதம். எண்ணெயின் ஓட்டம் என்பது வேகம். இரண்டையும் பெருக்கினால் வருவது எஞ்சின் கொடுக்க வேண்டிய சக்தி. எஞ்சினிடம் இல்லாததைப் பம்ப்பால் தர முடியாது.

எனக்கு மூன்று விஷயம் வேண்டும். உருளையைச் சுற்றும் மோட்டாரின் தகட்டில் என்ன எண் இருக்கிறது? உருளை நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும்? லோடர் எஞ்சின் எத்தனை குதிரை சக்தி? இதைத் தெரிந்துகொள்ளாமல் எதையும் வாங்காதே.

பின் பக்கத்தில் எண்ணெய் போகும் வழியைப் படமாக வரைந்திருக்கிறேன். மோட்டாரிலிருந்து வரும் சின்னக் கசிவுக் குழாய் நேராக டேங்குக்குப் போக வேண்டும். அதை வேறு எதோடும் சேர்த்தால் சீல் பிய்த்துக்கொள்ளும். படத்தில் சிவப்பு மையால் போட்டிருக்கிறேன்.

மாரி கிளம்புகிறார். அம்மாவுக்கு ஸ்தோத்திரம்.

உன் அண்ணன்,
வின்சென்ட்

*

சேசு மரி சூசை

வாழப்பாடி,
3 மார்ச் 2024

அன்புள்ள அண்ணா,

நலம், நலமறிய ஆசை. உன் கடிதம் மிக நல்ல கடிதம். பத்து நாள் தாமதமாக வந்தது என்பது ஒன்றுதான் குறை.

நான் ரிக் பம்ப்பை மாட்டிவிட்டேன்.

திட்டி முடித்துவிட்டாயா? செல்லமுத்து அண்ணன் தூக்கிக் கொடுத்தார், இரண்டு பேர் சேர்ந்து சுமக்கும் எடை. ஏரிக்கரையில் வைத்து ஓட்டினேன். லீவரைத் தள்ளினேன். உருளை ஒரு சுற்று, ராட்சசன் மாதிரிச் சுற்றியது. அடுத்த நொடி எஞ்சின் விக்கி நின்றுவிட்டது. மறுபடி ஸ்டார்ட், மறுபடி விக்கல். ஏழு தடவை. கரையில் பாதி ஊர் நின்று பார்த்தது. சின்னண்ணன் பைக்கில் காலை ஊன்றிக்கொண்டு சொன்னார்: "கண்ணு, அதுக்குப் பால் ஊத்திருங்க. பாவம், சீக்கு வண்டி."

எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் நாற்பது பெண்களில் சிலரும் சிரித்தார்கள். அதுதான் எரிந்தது. முள் குத்திய காலோடு நின்று, முள் குத்த வைத்தவனின் ஜோக்குக்குச் சிரிக்கிறார்கள். குப்பாயி அத்தை மட்டும் சிரிக்கவில்லை. "ஊத்துறது இருக்கட்டும், நீங்க பாலு கறந்து எத்தன வருசமாச்சு, எங்க காலு ரத்தத்தத்தான கறக்கறீங்க?" என்று கேட்டுவிட்டு முள் கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

நீ கேட்டவை: மோட்டார் ஒரு சுற்றுக்கு 63 மில்லி எண்ணெய் குடிக்கும். நிமிடத்துக்கு 1600 சுற்று வேண்டும் என்று தகட்டில் இருக்கிறது. அப்படியென்றால் நிமிடத்துக்கு நூறு லிட்டர் ஓட்டம். எஞ்சின் 76 குதிரை. ரிக் பம்ப் இருநூற்று எண்பது லிட்டர் தள்ளுகிறது. டிப்ளமோ படித்த எனக்கு இது மாட்டுவதற்கு முன்னால் தோன்றியிருக்க வேண்டும். பெரிய இரும்பைப் பார்த்ததும் புத்தி போய்விட்டது. எந்த ஊரில் பிறந்தோம் பார்.

நூறு லிட்டருக்கு எது? சொல்.

வெட்கத்தோடு,
சோபியா

*

முகாம்
22 மார்ச் 2024

சோபி பாப்பாவுக்கு அண்ணன் எழுதுவது,

சுகம். நாளை மறுநாள் குருத்தோலை ஞாயிறு. இங்கே ஓலைக்குப் பஞ்சமில்லை, கோவில்தான் இல்லை.

ஏழு தடவை ஸ்டார்ட் பண்ணினாயா? எஞ்சின் பேரிங்கைப் பார்த்துவிடு. திட்டு இவ்வளவுதான்.

உன் கணக்கு சரி. நூறு லிட்டர், இருநூற்றுப் பத்து பார் அழுத்தம். இதற்கே நாற்பத்தேழு குதிரை. சூட்டில் வீணாவதைச் சேர்த்தால் ஐம்பத்தைந்து. மீதி இருபது குதிரையில் வண்டி நகர வேண்டும். இதற்கு மேல் ஒரு சொட்டும் ஆசைப்படாதே. எஞ்சின் இரண்டாயிரம் சுற்றில் ஓடும்போது நூறு லிட்டர் என்றால், சுற்றுக்கு ஐம்பது மில்லி பம்ப். எஞ்சினின் முன் புல்லியிலிருந்து எடு.

வகை: கியர் பம்ப் போடு. இரண்டே பல் சக்கரம். தூசியைத் தாங்கும், அழுக்கு எண்ணெயைத் தாங்கும், எவன் வேண்டுமானாலும் கழற்றி மாட்டலாம். பிஸ்டன் பம்ப் நல்லதுதான், ஆனால் பணக்கார வீட்டுப் பிள்ளை மாதிரி, ஒரு மண் துகள் போனால் படுத்துவிடும். ஏரிக்குள் மாவு மாதிரிப் புழுதி பறக்கும்.

எண்ணெய் சூடாகும். நாமக்கல் லாரி உடைக்கும் யார்டில் ஒரு ரேடியேட்டரும் ஃபேனும் எடுத்து மாட்டு. இரண்டு படம் வரைந்திருக்கிறேன், ஒன்று பம்ப் மாட்டும் சட்டம், ஒன்று ரேடியேட்டர்.

இங்கே வேலை அதிகம். நாலு பேர் ஊருக்குப் போனவர்கள் திரும்பவில்லை. ஓனர் ஆள் போடவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு போர், சில நாள் மூன்று. ஹோஸ்கள் எல்லாம் ஆறு வருடப் பழையவை. மாற்றச் சொன்னால், "சீசன் முடியட்டுங்க" என்கிறார்.

ஈஸ்டருக்கு அம்மாவுக்கு ஒரு சேலை எடுத்துக் கொடு.

அண்ணன்

*

சேசு மரி சூசை

வாழப்பாடி,
7 ஏப்ரல் 2024

அன்புள்ள அண்ணா,

ஈஸ்டர் நல்லபடியாக முடிந்தது. அம்மா புதுச் சேலையை மடிப்புக் கலையாமல் பெட்டியில் வைத்துவிட்டாள், நீ வந்த பிறகு கட்டுவாளாம். பேரிங் தப்பித்தது. ரேடியேட்டர் கிடைத்தது. சட்டத்தை உன் படத்தைப் பார்த்து வெல்டிங் செய்தாகிவிட்டது, ஒரு மில்லிமீட்டர் கூடப் பிசகவில்லை.

கியர் பம்ப் விஷயத்தில் மட்டும் எனக்கு ஒப்பவில்லை. கோபித்துக்கொள்ளாமல் கேள்.

நேற்று ஏரிக்குள் போய் மரங்களை அளந்தேன். பாதி மரம் கை கனம். மீதி தொடை கனம். உருளை தொடை கனத்தில் முட்டும்போது கியர் பம்ப் என்ன செய்யும்? அதே நூறு லிட்டரைத் தள்ளிக்கொண்டே இருக்கும். சுமை ஏறுவது அதற்குத் தெரியாது. எண்ணெய் கொதிக்கும், எஞ்சின் மூச்சுத் திணறும், மறுபடி விக்கல், மறுபடி சின்னண்ணனின் பால்.

செல்லமுத்து அண்ணனிடம் ஐம்பது மில்லி பிஸ்டன் பம்ப் ஒன்று இருக்கிறது. அதன் முதுகில் ஒரு சின்னக் கட்டுப்பாடு. சுமை ஏறினால் பம்ப் தானே ஓட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். உருளை மெதுவாகும், நிற்காது. மரம் அரைபட்டதும் பழைய வேகம். புழுதிக்கு நான் இரண்டு ஃபில்டர் போட்டுக்கொள்கிறேன், தினமும் நானே கழுவுகிறேன்.

அண்ணா, கியர் பம்ப் நம் ஊர்க் கூலியாள் மாதிரி. எவ்வளவு ஏற்றினாலும் "சரிங்க" என்று தள்ளும், உடையும் வரைக்கும். அது நல்ல குணம் என்று முதலாளிகள் சொல்வார்கள். பிஸ்டன் பம்ப்புக்குத் தொழிலாளர் சட்டம் தெரியும். என் வண்டியில் சட்டம் தெரிந்ததுதான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரு நாளைக்கு மூன்று போர் போடும் நீ இதைப் படித்துச் சிரிக்கலாம்.

உடனே பதில் போடு. இல்லையென்றால் பம்ப்பை வேறு யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

வாயாடித் தங்கை,
சோபியா

*

சேசு மரி சூசை

வாழப்பாடி,
5 மே 2024

அன்புள்ள அண்ணா,

நலமா? இந்தக் கேள்வியை இந்தத் தடவை உண்மையாகவே கேட்கிறேன்.

மாரி இரண்டு தடவை வந்துவிட்டார், உன் கடிதம் இல்லை. முதல் தடவை, "வேலைங்க பாப்பா" என்றார். இரண்டாவது தடவை அம்மா சோறு போட்டு உட்காரச் சொன்னாள். எப்போதும் மூன்று தடவை குழம்பு கேட்கிற மனிதர், கை கழுவாமல் நின்றுகொண்டே, "அண்ணன் நல்லாருக்காருங்க, நல்லாருக்காருங்க" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் கேட்டது ஒரு தடவைதான்.

பிஸ்டன் பம்ப் விஷயத்தில் கோபமா? கோபமென்றால் நாலு வரி திட்டி எழுது. எழுதாமல் இருக்காதே.

நான் வாங்கிவிட்டேன். காத்திருக்க முடியவில்லை. நீ வரைந்த இரும்புச் சட்டத்தில் அப்படியே உட்கார்ந்தது. இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லை. ஜூன் 15 சனிக்கிழமை என்று நாள் சொல்லிவிட்டார்கள். அம்மா தினமும் ஜெபமாலை சொல்கிறாள், பம்ப்புக்கா உனக்கா என்று கேட்டால் பதில் சொல்வதில்லை.

சோபியா

*

முகாம்
19 மே 2024

அன்பு சோபி,

சுகம். கோபம் இல்லை. நீ சொன்னதுதான் சரி. சுமை தெரிந்த பம்ப்பே போடு.

கையெழுத்து மோசமாக இருக்கும். லாரி பானட் மேல் வைத்து எழுதுகிறேன். படம் போட நேரமில்லை.

ஒன்று மட்டும் கேள். ஹோஸில் கசிவு இருக்கிறதா என்று ஒருபோதும் கையால் தடவிப் பார்க்காதே. கண்ணுக்குத் தெரியாத ஓட்டையாக இருக்கும். எஞ்சினை நிறுத்து, அழுத்தத்தை இறக்கு. ஓடும்போதுதான் பார்க்க வேண்டுமென்றால் தள்ளி நின்று ஒரு நீளமான அட்டையைக் காட்டு. கை வேண்டாம். உன் ஆட்களிடமும் சொல். குப்பாயி அத்தையிடமும் சொல்.

அம்மாவிடம் நான் நலம் என்று சொல்.

வின்சென்ட்

*

சேசு மரி சூசை

வாழப்பாடி,
16 ஜூன் 2024, ஞாயிறு

அன்புள்ள அண்ணா,

பூசை முடிந்து வந்ததும் உட்கார்ந்து எழுதுகிறேன். நலம். உடம்பில் ஒட்டிய புழுதி இன்னும் போகவில்லை. முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்: ஜெயித்துவிட்டோம். இனி நிதானமாகப் படி.

காலை ஏழு மணிக்கு ஏரிக்குள் இறங்கினேன். சின்னண்ணன் வெள்ளை வேட்டியில், குடை பிடிக்க ஒரு ஆளோடு வந்திருந்தார். லீவரைத் தள்ளினேன். உருளை முதலில் முனகியது, பிறகு சீறியது, பிறகு ஒரே சீராகச் சுற்றியது. கை கனத்து மரமெல்லாம் பத்து நொடி. கிளை, முள், இலை எல்லாம் தூளாகிக் கீழே மெத்தை மாதிரி விழுந்தது. ஐம்பது வருடமாக அம்மா காலில் குத்தியதெல்லாம் உமி மாதிரிக் கிடந்தது. அதன் மேல் பெண்கள் வெறுங்காலோடு நடந்து பார்த்தார்கள்.

ஒன்பது மணிக்குத் தொடை கனத்து மரம். எல்லோரும் எஞ்சின் விக்கலுக்குக் காத்திருந்தார்கள், நானும்தான். உருளை கடித்தது. எஞ்சின் சத்தம் இறங்கியது. இறங்கி, அங்கேயே நின்றது. பம்ப் ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டது. உருளை மெதுவாக, விடாமல், அரைத்துக்கொண்டே இருந்தது. அரை நிமிடம். மரம் சாய்ந்தது. எஞ்சின் மறுபடி பழைய குரலில் பாடியது. செல்லமுத்து அண்ணன் கரையில் நின்று, மைக் இல்லாமலே ஏரி முழுக்கக் கேட்கும்படி, "யோவ், இது என் பம்ப்புய்யா" என்றார். மார்ச்சில் ரிக் பம்ப்பைத் தூக்கிக் கொடுத்ததும் அவர்தான். அதை யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

பதினொரு மணி. பம்ப்பிலிருந்து உருளைக்குப் போகும் ஹோஸ் பக்கத்தில் லேசாகப் புகை மாதிரி. எண்ணெய் வாடை. இறங்கிப் போனேன். அவசரம். குடை ஆள் நேரத்தைச் சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தான். எந்த இடம் என்று பார்க்கக் கையை நீட்டிவிட்டேன் அண்ணா. ஹோஸுக்கு ஒரு சாண் இருக்கும்போது உன் கோணல் கையெழுத்து ஞாபகம் வந்தது. கையை இழுத்துக்கொண்டேன்.

பெண்களுக்குச் சாப்பிட அவித்த முட்டை வந்திருந்தது. குப்பாயி அத்தையிடம் முட்டை அட்டையை வாங்கி, கொம்பு நுனியில் கட்டித் தள்ளி நின்று காட்டினேன். ஹோஸ் மேல் எந்த ஓட்டையும் தெரியவில்லை. ஆனால் அட்டை பிளேடு வைத்த மாதிரி இரண்டாகக் கிழிந்தது.

நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். செல்லமுத்து அண்ணன் ஓடி வந்து எஞ்சினை நிறுத்தினார். பயந்துவிட்டேன் என்று நினைத்தார். எனக்குப் பயமில்லை. ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. படம் போடாமல் கடிதம் எழுதவே தெரியாத நீ படம் போடவில்லை. மாரி சாப்பிடவில்லை. உன் கடிதத்தை அம்மாவிடம் காட்டியபோது, எழுதப் படிக்கத் தெரியாத அவள், தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது அவன் எழுதுற கை இல்ல" என்றாள். கண் சரியில்லை என்று நான் அவளைக் கேலி செய்தேன்.

ஹோஸை மாற்றினோம். புதியது கையில் வைத்திருந்தேன். முக்கால் மணி நேரம் போனது. சின்னண்ணன், "கண்ணு, அஞ்சு மணியாச்சுன்னா அஞ்சு மணிதான்" என்றார். வண்டியில் ஏறினேன். அதன் பிறகு ஓட்டினேன் பார், அப்படி ஓட்டினேன். மதியம் சாப்பிடவில்லை. பின் கையால் வேரைப் பிடுங்க, பெண்கள் பிடுங்கிய வேரை எண்ணி வரிசையாக அடுக்கினார்கள், கோவிலில் விளக்கு அடுக்குகிற மாதிரி. நாலு நாற்பதுக்குக் கடைசி வேர் வந்தது.

தலைவரின் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "யோசிச்சுச் சொல்றோம்" என்று ஆரம்பித்தார். அப்போது வசந்தாமணி கரையிலிருந்து இறங்கி வந்தார். நாலரை வருடத்தில் அவர் குரலை நான் கேட்டதே இல்லை. வேர்க் குவியலில் ஒன்றை எடுத்து வீட்டுக்காரர் கையில் கொடுத்தார். "இதப் புடிச்சுக்கிட்டு யோசிங்க. நான் கையெழுத்துப் போடப் போறேன்" என்றார். தீர்மானப் புத்தகத்தை லோடர் மட்கார்டு மேல் வைத்தே போட்டார். சின்னண்ணனின் குடை ஆள் குடையை மடக்கிவிட்டுப் பெண்களோடு சேர்ந்து சிரித்தான். இந்தத் தடவை குப்பாயி அத்தையும் சிரித்தார்.

இத்துடன் அந்தக் கிழிந்த அட்டையை வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. மல்ச்சரை இயக்கும் லீவர் சீட்டுக்கு வலது பக்கம் இருந்தது. இன்று பூசைக்குப் போவதற்கு முன்னால் அதைக் கழற்றி இடது பக்கம் மாற்றிவிட்டேன். எனக்கு வலது பக்கம்தான் வசதி.

அம்மா கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

சோபியா

*

முகாம்
4 ஜூலை 2024

சோபி,

லீவரைப் பற்றிய வரியை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது.

ஏப்ரல் 11. ஹோஸ் பனி மாதிரி கசிந்தது. கையால் தடவினேன். ஊசி குத்திய மாதிரி இருந்தது, ரத்தம்கூட இல்லை. ஓனர் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லீங்க சாமி, போரை முடிச்சுட்டு ஒரு டிடி ஊசி போட்டுக்கலாம்" என்றார். முடித்தோம். அடுத்த நாள் இன்னொரு போர். மூன்றாம் நாள் கை கறுத்தது. உள்ளே போனது எண்ணெய், அன்றைக்கே அறுத்து எடுத்திருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை.

"ஊட்டுக்குச் சொல்லாதீங்க, பயந்துக்குவாங்க. சீசன் முடியற வரைக்கும் உங்களை நான் பாத்துக்கறேன்" என்றார் ஓனர். மாரியிடமும் சொல்லிவைத்தார். நானும் சரிங்க என்றேன். நீ எழுதிய கியர் பம்ப் கடிதம் ஆஸ்பத்திரிப் படுக்கையில்தான் வந்தது. சிரிக்கலாம் என்று எழுதியிருந்தாய். சிரிக்கவில்லை.

எட்டு விரலோடு வீட்டுக்கு வந்து என்ன செய்வேன் என்று பயந்துதான் எழுதவில்லை. வேறு காரணம் இல்லை.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். உன் அட்டையை ரிக்கின் பம்ப் மேல் கம்பியால் கட்டிவிட்டேன். பையன்கள் எட்டு பேரும் பார்த்தார்கள், என் கையையும் பார்த்தார்கள். இதுவரை யாரும் நேராகப் பார்த்ததில்லை. ஓனர் வந்து, "ஏனுங்க வின்சென்ட், இதென்னுங்க முட்டை அட்டை?" என்று பிய்த்துப் போட்டார். கடப்பாறை பிடிக்கும் ஜோதி எடுத்து மறுபடி கட்டினான். ஹோஸ் மாற்றாமல் ரிக்கை ஓட்ட மாட்டோம் என்று எட்டு பேரும் நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒன்றரை நாள் ரிக் நின்றது. ஆறு வருடத்தில் முதல் தடவை. மாரி போய்ப் பதினான்கு புது ஹோஸ் கொண்டுவந்தார். போட்டுவிட்டுத்தான் ஓட்டினார்கள்.

இந்தப் படத்தைப் பார். இடது கையால் போட்டது. கோடு நடுங்கியிருக்கிறது, ஆனால் கசிவுக் குழாய் நேராக டேங்குக்குத்தான் போகிறது.

அம்மாவிடம் நீயே சொல்லிவிடு. என்னால் எழுத முடியவில்லை.

வின்சென்ட்

*

சேசு மரி சூசை

வாழப்பாடி,
20 ஜூலை 2024

அன்புள்ள அண்ணா,

இந்த மூன்று பெயர்களையும் இன்று நானாகவே எழுதினேன். அம்மாவிடம் சொன்னேன். கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு, "எந்த விரலு?" என்று கேட்டாள். சொன்னேன். "செபமாலை உருட்டக் கட்ட விரலு இருக்குதில்ல" என்றாள். அப்புறம்தான் அழுதாள். இப்போது நலம். புதுச் சேலையைப் பெட்டியிலிருந்து எடுத்து வெளியே வைத்திருக்கிறாள்.

சேலத்தில் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய் நஷ்டஈட்டு மனுப் படிவம் வாங்கி வந்துவிட்டேன். மாரி சாட்சி சொல்கிறேன் என்றார். வேலை போனால் இங்கே டிராக்டர் ஓட்டிக்கொள்வாராம். இந்தத் தடவை மூன்று தடவை குழம்பு வாங்கிச் சாப்பிட்டார்.

வீட்டுக்கு வந்து என்ன செய்வேன் என்று கேட்டிருந்தாய். பரிதாபப்பட்டு உன்னைக் கூப்பிடவில்லை, அதைத் தெரிந்துகொள். ஜூலை முதல் தேதியிலிருந்து ஓட்டுகிறேன், ஒன்பது ஏக்கர் முடிந்தது. ராத்திரி படுத்தால் முதுகு வலிக்கிறது. வசந்தாமணி தினமும் வந்து கரையில் நின்று பார்க்கிறார். பக்கத்து ஊரிலிருந்தும் கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறார்கள். ஒரு ஆள் போதாது.

என் வண்டியில் ஒரே ஒரு விதிதான். சுமை ஏறினால் மெதுவாகலாம். நிற்கக் கூடாது, சுமை ஏறியதை மறைக்கவும் கூடாது.

மழைக்கு இன்னும் இரண்டரை மாதம். மீதி நூறு ஏக்கர். ஒரு நாளைக்கு அரை ஏக்கர் என் அளவு, எனக்குப் பழகாத இடது கையால். உன் அளவு என்னவென்று வந்து காட்டு.

மாரி லாரியில் முன் சீட் காலியாக இருக்கிறது.

சோபியா